கனவை ஆடிய கலைஞர் உதயசங்கர்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை மட்டும் கூறி அமைவதில்லை. ஆடலாசான், இசையாசான், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசான் ஆகியோரின் இலக்கணத்தையும், அரங்கின் அளவையும், திரைகளின் வகையையும் முறையாக எடுத்துரைக்கிறது. மாதவி ஏழாண்டுகள் பயின்ற பின்னரே மன்னன் முன் ஆடினாள். ஆசானிடம் பயிலாமல் அரங்கேறுதல் நம் மரபில் எண்ணிப் பார்க்க இயலாத ஒன்று. அவ்வாறு அரங்கேறி, உலகப் புகழ் பெற்று, அதன் பின்னரே ஆசான்களைத் தேடிச் சென்ற கலைஞர் ஒருவர் உண்டு. அவரே உதயசங்கர். அவர்தம் வாழ்க்கை சென்னை மண்ணோடும் தஞ்சை நட்டுவ மரபோடும் தொடர்புடையது என்பதைத் தமிழர் பலர் மறந்துவிட்டனர்.

இளமையும் தூரிகையும்

உதயசங்கர் 1900 டிசம்பர் 8ஆம் நாள் இராசத்தானத்து உதயப்பூரில் வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் சியாம் சங்கர் சௌத்ரி வடமொழிப் புலமை மிக்கவர். ஜாலாவார் அரசரிடம் பணியாற்றியவர். தாயார் ஹேமாங்கினி தேவி. தாய்வழிச் சிற்றூரில் செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த மாதாதீன் என்பார் ஆடிய ஆடலைச் சிறுவர் உதயசங்கர் கண்கொட்டாமல் பார்ப்பாராம். மேற்குடியினர் அணுகத் தயங்கிய அந்த எளிய மனிதரே அவருடைய உள்ளத்தில் ஆடல் விதையை ஊன்றியவர் எனலாம்.

ஆயினும் அவர் கற்கச் சென்றது ஓவியம். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்று, 1920இல் இலண்டன் சென்று, இராயல் கலைக்கல்லூரியில் வில்லியம் ரோதென்ஸ்டைனிடம் மாணவரானார். ஓவியக் கண்ணால் உடலைக் காணும் இப்பயிற்சியே பின்னாளில் அவருடைய ஆடலுக்குத் தனித்தன்மை நல்கியது.

பாவ்லோவாவும் பாரிஸும்

உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவா இந்தியப் பொருண்மையில் ஆடல்கள் அமைக்க விரும்பியிருந்தார். 1923இல் இந்துத் திருமணம், இராதையும் கண்ணனும் என்னும் இரண்டனை உதயசங்கர் அவருக்கு அமைத்துக் கொடுத்தார். பாவ்லோவா இராதையாகவும் அவர் கண்ணனாகவும் ஆடினர். அக்குழுவோடு அமெரிக்கப் பயணமும் மேற்கொண்டார். ஆனால் பாவ்லோவாவைப் பிரிந்த பின்னர் வறுமை சூழ்ந்தது. ஐரோப்பிய நகரங்களின் கேளிக்கை விடுதிகளில் ஆடியும் பிழைக்க வேண்டியிருந்தது. பாரிஸில் பியானோ வாசித்து வந்த சிமோன் பார்பியே என்னும் பெண்மணி அவரிடம் ஆடல் பயின்று, சிம்கி என்னும் பெயரோடு அவருடைய ஆடல் துணையானார்.

1930இல் சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனரோடு தாய்நாடு திரும்பிய உதயசங்கர், கோயிற் சிற்பங்களையும் கேரளத்துக் கதகளியையும் நேரில் கண்டார். தம் தம்பியரையும் உறவினரையும் சேர்த்துக் குழுவொன்றை அமைத்தார். 1931 மார்ச்சில் பாரிஸில் அக்குழு அரங்கேறியது. அன்று பத்து வயதுச் சிறுவராக அக்குழுவில் இருந்த கடைசித் தம்பியே பின்னாளில் சித்தார் மேதையாகப் புகழ்பெற்ற இரவிசங்கர். மேலைநாட்டு இசைக்கருவி ஒன்றையும் சேர்க்காது முழுதும் இந்தியக் கருவிகளையே பயன்படுத்தியது அக்குழுவின் சிறப்பு. 1938 வரை ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவ்வாடலைக் கண்டு வியந்தன.

அல்மோராவும் ஒரு தமிழ் இழப்பும்

புகழின் உச்சியில் அவர் குழுவைக் கலைத்தார். இமயமலைச் சாரலில் அல்மோராவில் ஒரு கலை நிலையம் கண்டார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரி ஆடலுக்கு அம்பி சிங், இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான், பரதத்திற்குக் கந்தப்ப பிள்ளை எனப் பேராசான்கள் அங்குக் கூடினர். தொழிலாளரின் உழைப்பையும் இயந்திரத்தின் கொடுமையையும் பொருளாக்கிய ஆடல் அங்கு உருவாயிற்று. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பெயர்பெற்ற குரு தத் அங்கு மாணவராக இருந்தவர். ஜோரா சேகல் ஆசிரியையாக விளங்கினார்.

இங்கு நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கந்தப்ப பிள்ளை தஞ்சை நால்வர் வழிவந்தவர், பாலசரஸ்வதியின் ஆசான். அவர் வடக்கே சென்றமையால், ஆடல் வாழ்வின் இளம்பருவத்திலேயே பாலசரஸ்வதி ஆசானின் துணையை இழந்து நிற்க நேர்ந்தது. 1940களின் தொடக்கத்தில் ஆசான் மறைந்தும் போனார். ஒரு கலை நிலையத்தின் வளம் மற்றொரு கலைஞரின் வறுமையாயிற்று. உதயசங்கரைப் போற்றும்போது இதனை மறைத்தல் நேர்மையாகாது. இதனால் அவர்தம் நோக்கத்தைப் பழித்தலும் முறையன்று. மரபைத் தேடி வந்த ஆர்வமே மரபின் வேரைச் சற்று அசைத்தது என்பதே உண்மை.

இரண்டாம் உலகப் போரினால் பொருளுதவி குன்ற, சில ஆண்டுகளிலேயே நிலையம் மூடப்பட்டது.

கல்பனா

கலைந்த கனவை அவர் திரையில் எழுப்ப முனைந்தார். அதற்கு இடமளித்தது சென்னை ஜெமினி ஸ்டூடியோ. கே. ராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். இமயச் சாரலில் கலை நிலையம் அமைக்க விழையும் இளைஞனின் கதையே கல்பனா. அவ்விளைஞனாக அவரே நடித்தார். 1942இல் அவரை மணந்த அமலா கதைத்தலைவியானார். திருவாங்கூர்ப் பத்மினி இளம்பெண்ணாக இப்படத்தில் ஆடியுள்ளார். கதையைக் கேட்கும் படத் தயாரிப்பாளர் வருவாய் வராதெனக் கூறி அதனை மறுப்பதாகப் படத்திற்குள்ளேயே ஒரு காட்சி உண்டு. 1948இல் வெளிவந்த கல்பனா வருவாய் ஈட்டவில்லை. அதே ஆண்டில் அதே ஜெமினியிலிருந்து வந்த சந்திரலேகாவின் முரசு நடனத்தை நாடே கொண்டாடியது.

இறுதிக் காலம்

கல்பனாவுக்குப் பின்னும் அவர் ஓய்ந்திலர். தாகூர் நூற்றாண்டான 1961இல் அக்கவிஞரின் கவிதையை ஆடலாக்கினார். 1970இல் சங்கர்ஸ்கோப் என்னும் பெயரில் திரையையும் மேடையையும் ஒன்றாக இணைத்துக் காட்டினார். திரையில் தோன்றியோர் மேடையில் இறங்கி ஆடுவதைக் கல்கத்தா மக்கள் கண்டு மகிழ்ந்தனர். 1971இல் பத்ம விபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1977 செப்டம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவில் அவர் இயற்கை எய்தினார்.

ஓவியம் சுவரில் நிற்கும். கவிதை ஏட்டில் நிற்கும். ஆடலோ ஆடுவோரின் உடலோடு மறையும் இயல்பினது. உதயசங்கரின் மேடை ஆடல்களைக் கண்டோர் இன்று அரியர். ஆனால் தோல்வியெனக் கருதப்பட்ட கல்பனா செப்பனிடப்பெற்று, 2012இல் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் மீண்டும் ஒளிர்ந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த அமலா அம்மையார் அங்குச் சென்று தம் இளமையைத் திரையில் கண்டார். 1931இல் சிறுமியாகப் பாரிஸில் உதயசங்கரை முதன்முதல் கண்ட அவர், 2020இல் மறைந்தார்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் எனக்கு அல்மோரா நினைவிற்கு வருகிறது. பேராசான்களும் பெரும்புகழும் வாய்த்த நிலையம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. மாதந்தோறும் சிலர் கூடும் ஒரு சிற்றவை பத்தாண்டு நிலைத்தலும் எளிதன்று. எனினும் எத்தனை ஆண்டு நிலைத்தோம் என்பதினும் எதனைப் பதிவு செய்து வைத்தோம் என்பதையே காலம் வினவுகிறது. அல்மோராவுக்குக் கல்பனா வாய்த்தது. நமக்கு இத்தகைய மலர்களே வாய்ப்பாகும்.