நீதிநூல் கண்ட நீதிபதி

நுழையும்முன்

நீதிமன்றம், நீதிநூல் ஆகிய இரண்டிலும் நீதி என்னும் ஒரே சொல் அமைந்துள்ளது. முன்னதில் அது சட்டத்தின்வழி வழங்கப்படும் தீர்ப்பைச் சுட்டுகிறது; பின்னதில் மனிதர் தாமே விரும்பி மேற்கொள்ளும் அறவொழுக்கத்தைச் சுட்டுகிறது. நீதிமன்றத்தில் தீர்ப்பு வழங்கிக்கொண்டே நீதிநூலையும் இயற்றியவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே மாயூரம் வேதநாயகம்.

இளமையும் கல்வியும்

வேதநாயகம் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்து, தாயார் ஆரோக்கிய மரியம்மை. இளமையில் தந்தையாரிடமும் பின்னர்த் தியாகப் பிள்ளை என்பாரிடமும் கல்வி பயின்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேரத் தேர்ச்சி பெற்றார். இவ்விருமொழிப் புலமையே அவரைச் சட்டத்துறைக்கு இட்டுச் சென்றது.

திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியேற்ற அவர், பின்பு மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். அக்காலத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர், அரியலூர், உடையார்பாளையம் முதலிய பழைய பாளையங்களைத் தன்னகத்தே கொண்டது. நிலமே வாழ்வாக இருந்த அப்பகுதியில் நிலவுரிமை, கடன், பாகப்பிரிவினை ஆகியன பற்றிய பூசல்களுக்குக் குறைவில்லை. வழக்காடும் மக்கள் பேசியது தமிழ். அவர்களின் வழக்கை முடிவுசெய்த சட்டம் இருந்தது ஆங்கிலத்தில். இவ்விரண்டிற்கும் இடையே நின்று பணியாற்றிய மொழிபெயர்ப்பாளருக்கு, மக்கள் அறியாத சட்டம் மக்களை ஆளும் நிலை நாள்தோறும் கண்முன் நின்றது.

திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நட்பும் அவருக்கு வாய்த்தது. கிறித்தவராகிய வேதநாயகமும் சைவராகிய மகாவித்துவானும் இறுதிவரை உற்ற நண்பர்களாக விளங்கினர். வேதநாயகத்தைத் தலைவராகக் கொண்டு மகாவித்துவான் குளத்துக்கோவை என்னும் நூலைப் பாடினார்.

நீதிபதியின் நீதிநூல்

1857-ஆம் ஆண்டில் வேதநாயகம் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். பின்னர்ச் சீர்காழியிலும், அதன்பின் நெடுங்காலம் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். முன்சீப் உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி ஆவார். பொய்ப்பத்திரம், பொய்ச்சாட்சி, உடன்பிறந்தாரின் சொத்தைக் கவர எண்ணும் பேராசை ஆகியவற்றை அவ்விருக்கையில் அமர்ந்தோர் அன்றாடம் காண நேரும். சட்டம் சான்றுகளைக் கொண்டே முடிவு செய்யும். சாட்சியின் நெஞ்சில் உள்ள பொய்யை அகற்ற அதனால் இயலாது.

இவ்வெல்லையை உணர்ந்தமையால் வேதநாயகம் தீர்ப்பு எழுதுவதோடு அமையவில்லை. முன்சீப் பதவியேற்ற சில ஆண்டுகளுக்குள், 1859-இல், நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். பெற்றோர், மக்கள், கணவன், மனைவி, அரசர், அலுவலர் எனப் பலர்க்கும் உரிய கடமைகளை அந்நூல் எடுத்துரைக்கிறது. பொய், களவு, பொறாமை ஆகியவற்றோடு கைக்கூலியையும் அது கண்டிக்கிறது. நீதித்துறையில் இருந்த ஒருவரே கைக்கூலியைக் கண்டித்துப் பாடியது எண்ணத்தக்கது. தவறு நிகழ்ந்த பின்னரே சட்டம் வருகிறது. தவறு நிகழாமல் தடுக்கும் ஆற்றல் அறத்திற்கே உண்டு என்பது அவர்தம் வாழ்வின் வழியே புலனாகும் கருத்தாகும்.

சட்டம் தமிழில் பேசியது

ஆயினும், அறமே போதும், சட்டம் வேண்டா என்று அவர் கருதவில்லை. சட்டத்திற்குக் கீழ்ப்படியுமாறு மக்களை வற்புறுத்தும் அரசு, அச்சட்டத்தை மக்கள் அறியும்படி செய்தல் வேண்டும். அறிய இயலாத ஒன்றை மீறினான் என ஒருவனை ஒறுத்தல் அறமாகாது. சென்னையில் இயங்கிய சதர் அதாலத் என்னும் மேல் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அந்நாளில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. 1805 முதல் 1861 வரையிலான அத்தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கிய வேதநாயகம், சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862-இல் நூலாக வெளியிட்டார். இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். புதிய சட்டக் காலம் தொடங்கிய வேளையில் சட்டத்தின் கதவைத் தமிழர்க்குத் திறந்த நூல் அது.

தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை அவர் 1879-இல் வெளியிட்டார். அதில் ஞானாம்பாள் என்னும் பெண் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆள்கிறாள். தமிழ் வழங்கும் நாட்டில் தமிழறிந்த நீதிபதியின் முன் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடும் முறையை அவள் வழியாக வேதநாயகம் கடிந்துரைக்கிறார். தமிழகத்தின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் 1976-ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை நோக்கின், அவர்தம் தொலைநோக்கு விளங்கும்.

வழக்கமும் அறமும்

சமூகத்தில் நெடுநாளாக நிலவும் வழக்கம் எல்லாம் அறம் ஆகிவிடாது. கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் இயற்றப்பட்டது. எனினும், ஊரார் பழிக்கு அஞ்சிய குடும்பங்களில் அச்சட்டம் ஏட்டளவிலேயே நின்றது. சட்டம் முன்னே சென்றாலும் மக்கள் மனம் உடன் செல்லாவிடின் பயன் விளையாது என்பதற்கு அது சான்று. பெண்கள் கல்வி கற்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை, வழக்கமே தடுத்தது. ஆகவே, மக்கள் மனத்தை மாற்றும் பணியை வேதநாயகம் எழுத்தின்வழி மேற்கொண்டார். பெண்கல்வியை வலியுறுத்தும் பெண்மதி மாலை என்னும் நூலை 1869-இல் வெளியிட்டார். கல்வியும் நுண்ணறிவும் உடைய ஞானாம்பாளைத் தம் புதினத்தின் ஒளிமிக்க மாந்தராகப் படைத்ததும் இந்நோக்கம் பற்றியே ஆகும்.

பஞ்சம் தந்த சோதனை

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது ஆண்டுப் பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அப்போது வேதநாயகம் பதவியில் இல்லை. பக்கத்து வீட்டார் பட்டினி கிடக்கும்போது தன் களஞ்சியத்தைப் பூட்டி வைத்த ஒருவரை அக்காலச் சட்டம் குற்றவாளி எனக் கூறாது. சட்டம் ஒருவர் பொருளைப் பிறர் கவராமல் காக்கும். அப்பொருளைப் பசித்தோர்க்குப் பகிர்ந்தளிக்குமாறு கேட்பது அறம் ஒன்றே. வேதநாயகம் தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தார். சாதி, சமயம் பாராது பசித்தோர்க்கு உணவளித்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அந்நாளில் பசிப்பிணி தீர்க்கும் பணியில் ஈடுபட்டார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகத்தின் கொடையைப் போற்றிக் கீர்த்தனை பாடினார்.

நிறைவு

மாயூரம் நகராட்சியின் தலைவராகவும் தொண்டாற்றிய வேதநாயகம், 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் மறைந்தார். அவருடைய வாழ்வில் சட்டமும் அறமும் தத்தம் இடத்தில் நின்று ஒன்றுக்கொன்று துணை செய்தன. வலியோரிடமிருந்து எளியோரைக் காக்கச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தைப் பொய்யின்றி நடத்தவும், அது எட்டாத இடத்தில் மனிதரை வழிநடத்தவும் அறம் வேண்டும். சாட்சி சொல்பவர், வழக்காடுபவர், தீர்ப்பளிப்பவர் ஆகிய மூவரும் அறவழி நிற்கும் சமூகத்தில்தான் நீதிமன்றத்தில் நீதி கிடைக்கும். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காத்த இளைஞராய்த் தொடங்கிய வேதநாயகம், தம் தீர்ப்பாலும் எழுத்தாலும் கொடையாலும் வாழ்ந்து காட்டிய உண்மை இதுவே.