புற்றுநோயைப் பட்டினி போட்ட சென்னை மாணவர்... யார் இந்த சுப்பாராவ்?

குற்றாலம் ஐந்தருவியில் தண்ணி அஞ்சு கிளையா பிரிஞ்சு விழும். மேலே நீர்வரத்து நின்னா அஞ்சும் சேர்ந்து வத்திடும். புற்றுநோய்க் கட்டிக்குப் புது ரத்தக்குழாய்கள் வளராமல் தடுக்கும் சிகிச்சையும் இதே கணக்குதான். அதற்கான மரபணுவை வைரஸில் ஏற்றி உடலுக்குள் அனுப்பும் முறையும் ஆய்வில் இருக்கிறது. ஆனா, கேன்சருக்கான 'சப்ளை'யை நிறுத்தும் மருந்து 1940களிலேயே வந்துவிட்டது. அதன் பின்னால் இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்.

எல்லாபிரகடா சுப்பாராவ். 1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று ஆபரேஷன் உடையைக் கதரில் போட்டார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கல. கடைசியில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரர்கள் இருவரையும் பறிகொடுத்தார்.

மாமனார் உதவியோடு அமெரிக்கா போனவர், மனைவியை மறுபடி பார்க்கவே இல்லை. பாஸ்டன் மருத்துவமனையில் ராத்திரி வேலை, பகலில் ஹார்வர்டு படிப்பு. செல்லுக்கு சக்தி தரும் ஏ.டி.பி. மூலக்கூறை 1929-ல் ஃபிஸ்க்கோடு சேர்ந்து அறிவித்தார். அப்படியும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கைகொடுத்தது. ஆனா வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய் செல்லுக்கும் அதுதான் தேவை! அதனால், பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் அமினோப்டெரினை அவர் குழு தயாரித்தது. பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் தப்பான சாவி மாதிரி அது உள்ளே உட்கார்ந்துவிடும். செல் பெருக முடியாது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகம்தான். ஆனா குழந்தைகளின் தீவிர ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு இப்படிப் பணிந்ததே அதுவரை நடக்காத விஷயம். 1948 ஜூனில் முடிவு வெளியானது. ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார்.

புது ரத்தக்குழாய்கள் வளராமல் தடுத்தால் கட்டி வளராது என்று 1971-ல் சொன்ன ஜூடா ஃபோக்மன் வேலை பார்த்ததும் அதே குழந்தைகள் மருத்துவமனையில்தான். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்னைக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும், முடக்குவாதத்துக்கும் எழுதித் தரப்படுகிறது. சுப்பாராவுக்கு இந்தியா தபால்தலை வெளியிட்டது 1995-ல்.