நாட்டுக்கே கண்ணாக இருந்த குரல்

1967-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ந் தேதி. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை அடுத்த எயின்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

இது நம் நாட்டு ரேஸ் போன்றது அல்ல. இங்கே குதிரைகள் சமதரையில் ஓடும். யார் முந்தி என்பதுதான் கேள்வி. கிராண்ட் நேஷனலில் அப்போது ஏறத்தாழ 4½ மைல் ஓட வேண்டியிருந்தது. வழியில் நெஞ்சளவு உயரமுள்ள வேலிகள். மொத்தம் 30 தடவை தாண்ட வேண்டும். வேலி தாண்டும்போது குதிரை விழும், ஜாக்கி விழுவார். கடைசி வரை நிற்பதே பெரிய காரியம்.

அன்று 44 குதிரைகள் புறப்பட்டன. பாப்பம் டவுன் என்ற குதிரை முதல் வேலியிலேயே தன் ஜாக்கியை இழந்துவிட்டது. ஆள் இல்லாத அந்தக் குதிரை மற்றவற்றுடன் சேர்ந்து தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

23-வது வேலி வந்தது. 4½ அடி உயரம்தான். யாரும் பயப்படாத சின்ன வேலி. அதை நெருங்கியதும் பாப்பம் டவுன் வேலியைத் தாண்டாமல் திடீரென்று குறுக்கே திரும்பி ஓடியது. முன்னணியில் வந்த குதிரைகள் மிரண்டு நின்றன. பின்னால் வந்தவை அவற்றின்மேல் மோதின. குதிரை இந்தப் பக்கம் நிற்க, ஜாக்கி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். சில வினாடிகளில் பந்தயமே நின்றுபோனது.

எங்கு பார்த்தாலும் குதிரைகள். எங்கு பார்த்தாலும் விழுந்து கிடக்கும் ஜாக்கிகள். அந்தக் கூட்டத்துக்குள் நெடுந்தூரம் பின்னால் வந்த ஒரு குதிரை நுழைந்தது. ஓர் இடைவெளி கிடைத்தது. தாண்டியது. தனியாக ஓடியது.

அது எந்தக் குதிரை? மைதானத்தில் இருந்த பலருக்கும் தெரியவில்லை. ஆனால் மைக் பிடித்திருந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது. சற்றும் தயங்காமல் அவர் அதன் பெயரைச் சொன்னார்: பாய்னவான்.

அந்த வர்ணனையாளர் மைக்கேல் ஓஹேர். அயர்லாந்து நாட்டுக்காரர்.

ஐந்து நிமிடப் பரீட்சை

ஓஹேர் 1920-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பிறந்தார். பெற்றோர் கிளேர் மாவட்டத்தில் இருந்து வந்து டப்ளினில் குடியேறியவர்கள். தந்தை ஜிம் ஓஹேர் விளையாட்டில் ஊறியவர். 1914-ல் அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டம் வென்ற கிளேர் அணிக்குப் பயிற்சி அளித்தவர் அவர்தான்.

ஹர்லிங் என்பது அயர்லாந்தின் சொந்த விளையாட்டு. பார்த்தால் ஹாக்கி போல இருக்கும். ஆனால் பந்தை ஆகாயத்திலேயே மட்டையால் அடிக்கலாம், கையாலும் பிடிக்கலாம். அதேபோல் கேலிக் கால்பந்து என்று ஒன்றும் உண்டு. இந்த இரண்டும் அயர்லாந்து மக்களுக்கு உயிர்.

ஓஹேர் பள்ளியில் படித்தபோதே ரேடியோ வர்ணனைகளைக் காது கொடுத்துக் கேட்பார். தன்னாலும் முடியும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கடிதம் எழுதி அயர்லாந்து ரேடியோவுக்கு அனுப்பினார். சிபாரிசு கிடையாது. அனுபவமும் கிடையாது. தன்னைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

1938-ல் அழைப்பு வந்தது. லூத் அணிக்கும் வெக்ஸ்போர்டு அணிக்கும் நடந்த கால்பந்து ஆட்டத்தில் 5 நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். ஒலிபரப்புக்கு அல்ல, பரீட்சைக்கு மட்டும். ரேடியோவின் இயக்குநர் டி.ஜே. கீர்னான் நிலையத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். 5 நிமிடம் முடிந்ததும் மைதானத்துக்கு டெலிபோன் வந்தது. இரண்டாவது பாதி முழுவதையும் அந்தப் பையனே பேசட்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் முல்லிங்கார் என்ற ஊரில் அகில அயர்லாந்து கால்பந்து அரை இறுதி ஆட்டம். மோனகன் அணியும் கால்வே அணியும் மோதின. ஓஹேரின் குரல் முதல் தடவையாக நாடெங்கும் கேட்டது. அப்போது அவருக்கு வயது 18.

பிறகு கல்லூரியில் எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் சேர்ந்தார். ஒரு வருடம்தான் படித்தார். மைக் அவரை இழுத்துக்கொண்டது.

ரேடியோ உள்ள வீடு

அந்தக் காலத்தில் அயர்லாந்து கிராமங்களில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் ரேடியோதான். அதுவும் ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் ரேடியோ உள்ள வீட்டில் ஊரே கூடிவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். உள்ளே இடம் இல்லாதவர்கள் வெளியே நின்று கேட்பார்கள். டீக்கடை ரேடியோ முன்னால் நின்று கிரிக்கெட் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல.

பந்து எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, வானம் இருட்டியிருக்கிறதா, எல்லாம் ஓஹேர் சொன்னால்தான் தெரியும். 1939 செப்டம்பர் 3-ந் தேதி கார்க், கில்கென்னி அணிகளுக்கு இடையே ஹர்லிங் இறுதி ஆட்டம். இடியும் மின்னலும் மழையுமாகக் கொட்டியது. ஐரோப்பாவில் பிரிட்டன் போர்ப் பிரகடனம் செய்ததும் அன்றைக்குத்தான். அந்த ஆட்டத்தையும் ஓஹேர்தான் வர்ணித்தார். அவர் பேசிய முதல் ஹர்லிங் இறுதி ஆட்டம் அது.

நியூயார்க்கில் 5 நிமிடம்

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானோர் பிழைப்பு தேடிக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கா. 1847-ம் ஆண்டு மிகக் கொடுமையான ஆண்டு.

அதன் நூறாவது ஆண்டு நினைவாக, 1947-ல் அகில அயர்லாந்து கால்பந்து இறுதி ஆட்டத்தை நியூயார்க்கிலேயே நடத்தத் தீர்மானித்தார்கள். அங்கே குடியேறிய ஐரிஷ் மக்கள் ஒரு தடவையாவது சொந்த ஊர் ஆட்டத்தை நேரில் பார்க்கட்டும் என்ற எண்ணம். அயர்லாந்துக்கு வெளியே நடந்த ஒரே இறுதி ஆட்டம் அதுதான்.

செப்டம்பர் 14-ந் தேதி போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் கேவன் அணியும் கெர்ரி அணியும் இறங்கின. வழக்கமாக வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் ஊர்ச் செய்திக்கு ஏங்குவார்கள். அன்று தலைகீழ். ஆட்டம் வெளிநாட்டில், கேட்பவர்கள் ஊரில்! அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒலிபரப்புவதற்காக ஒரு லைனை குறிப்பிட்ட நேரம் வரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கத் தாமதமாகிவிட்டது. கடைசிக் கட்டம் நெருங்கியது. லைன் துண்டிக்கப்படும் நேரமும் நெருங்கியது. முடிவு தெரியாமல் போனால் ஒரு நாடே தவித்துப்போகும். ஓஹேர் வர்ணனையின் நடுவிலேயே, எங்கோ முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்த லைன்காரர்களிடம், இன்னும் 5 நிமிடம் தரும்படி கெஞ்சினார். ஒரு தடவை அல்ல, பல தடவை.

லைன் துண்டிக்கப்படவில்லை. கேவன் வென்ற செய்தி கடைசி விசில் வரை ஊர் போய்ச் சேர்ந்தது.

குதிரையும் நிறமும்

1944-ல் ஓஹேர் ஐரிஷ் இண்டிபென்டன்ட் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு அதே பத்திரிகைக்குக் குதிரைப் பந்தய நிருபர் ஆனார். ரேஸ் வர்ணனையும் கூடவே வந்தது. விரைவில் பி.பி.சி. அவரை எயின்ட்ரீக்கு அழைத்தது. மைதானம் மிகப் பெரியது என்பதால் கிராண்ட் நேஷனலுக்கு ஒரு வர்ணனையாளர் போதாது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலிகளில் பயங்கரமான பெச்சர்ஸ் புரூக் பகுதி ஓஹேர் வசம் இருந்தது.

கால்பந்து வர்ணனையில் ஆட்டக்காரரின் முகம் தெரியும். ரேஸில் முகம் தெரியாது. ஜாக்கியின் சட்டையும் தொப்பியும்தான் அடையாளம். குதிரையின் சொந்தக்காரர் பதிவு செய்த நிறத்தைத்தான் ஜாக்கி அணிய வேண்டும். எந்தக் குதிரைக்கு எந்த நிறம் என்று ரேஸ் புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். வர்ணனையாளர் அதை மனப்பாடம் செய்துவிட வேண்டும். குதிரைகள் பாய்ந்து வரும்போது புத்தகத்தைப் புரட்ட முடியுமா?

ஓஹேர் மனப்பாடத்தோடு நிற்கமாட்டார். ரேஸ் தொடங்குவதற்கு முன்பு ஜாக்கிகள் எடை பார்க்கும் அறைக்குப் போய், ஒவ்வொரு சட்டையையும் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பார்.

1967-ல் அப்படிப் பார்த்தபோது ஒரு சட்டை கணக்கில் இடித்தது. கருப்புச் சட்டை, அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள். அப்படி ஒரு நிறம் அவர் படித்த பட்டியலில் இல்லை. அந்த ஜாக்கியிடமே போய்க் கேட்டார். அவர் ஜான் பக்கிங்ஹாம். அதுவரை கிராண்ட் நேஷனலில் சவாரி செய்யாதவர். குதிரை பாய்னவான். பச்சை நிறம் ராசியில்லை என்று சட்டையை மாற்றிவிட்டார்களாம்.

பாய்னவான் ஜெயிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பந்தயக் கணக்கு 100-க்கு 1. ஒரு பவுன் கட்டினால் நூறு பவுன் என்று சொல்லியும் சீந்துவார் இல்லை. குதிரையைப் பழக்கிய பயிற்சியாளரே அன்று எயின்ட்ரீக்கு வரவில்லை; வேறு ஊர் ரேஸுக்குப் போய்விட்டார். அப்படிப்பட்ட குதிரையின் சட்டை நிறத்தைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஓஹேர் விட்டிருந்தால், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் விடவில்லை. கேட்டு வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கருப்புச் சட்டை மட்டும் தனியாக வேலியைத் தாண்டி வந்தது!

எழுந்து ஓடிய மற்றக் குதிரைகளால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ஹனி எண்ட், 15 குதிரை நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்தது. பாய்னவான் வென்றது.

வாஷிங்டன் முதல் டப்ளின் வரை

1961-ன் கடைசி நாளில் அயர்லாந்தில் டெலிவிஷன் தொடங்கியது. அதன் விளையாட்டுப் பகுதித் தலைவராக ஓஹேர் பொறுப்பேற்றார். 1963 நவம்பரில் விடுமுறைக்காக மனைவி மோலியுடன் அமெரிக்கா போயிருந்தார். அப்போது ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கென்னடி ஐரிஷ் வம்சாவளி. சில மாதங்களுக்கு முன்புதான் முன்னோர் மண்ணுக்கு வந்து போயிருந்தார். இறுதி ஊர்வலத்தை வர்ணிக்கும்படி டப்ளினில் இருந்து ஓஹேருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆரவாரத்துக்குப் பழகிய அந்தக் குரல் அன்று பல மணி நேரம் அடங்கிய தொனியில் ஒலித்தது. துக்கத்தையும் அவரால் சொல்ல முடியும் என்று நாடு தெரிந்துகொண்டது.

1972-ல் டெலிவிஷன் பதவியை விட்டார். லெப்பர்ட்ஸ்டவுன் ரேஸ் மைதானத்துக்குச் சிறிது காலம் மேனேஜராக இருந்தார். மைக்கை மட்டும் விடவில்லை.

நூறுக்கு ஒன்று குறைவு

1985 ஆகஸ்டு மாதம். அகில அயர்லாந்து இறுதி ஆட்டங்களில் அவர் 99 ஆட்டங்களை வர்ணித்து முடித்திருந்தார். நூறாவது ஆட்டம் ஆபலிக்கும் கால்வேக்கும் நடக்கவிருந்த ஹர்லிங் இறுதி. அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். கால் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. சரளமாகப் பேச முடியவில்லை.

திரும்பி வந்து நூறாவது ஆட்டத்தைப் பேசிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. 99 ஓட்டத்தில் அவுட் ஆன ஆட்டக்காரரைப் போல அந்தக் கணக்கு நின்றுவிட்டது.

1987-ல் இறுதி ஆட்ட நாள் ஒன்றில், டப்ளின் குரோக் பார்க் மைதானத்துக்குள் அவருடைய மகன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறத்தாழ 50 வருடங்களாக உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்து பேசிய மனிதர் புல்தரைக்கு வந்தார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை காலம் அவர் குரலைக் கேட்டவர்கள் அன்று தங்கள் குரலை அவருக்குக் கேட்கச் செய்தார்கள்.

1996 நவம்பர் 24-ந் தேதி ஓஹேர் காலமானார். அவருடைய இன்னொரு மகன் டோனி ஓஹேரும் குதிரைப் பந்தய வர்ணனையாளராகப் பெயர் பெற்றார்.

எயின்ட்ரீயில் அந்தச் சின்ன வேலிக்கு 1984-ல் பாய்னவான் வேலி என்றே பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரை அந்த வேலியின் அருகே முதலில் உரக்கச் சொன்னவர் ஓஹேர். ஜெயிக்காது என்று எல்லோரும் ஒதுக்கிய குதிரையின் ஜாக்கியிடமும் போய்ப் பெயர் கேட்டு வைத்திருந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.