தமிழில் வைத்தியம் போதித்த கிறீன்

மேனாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்திலன்றிக் கற்பித்தல் இயலாதென்போர் டாக்டர் ஸாமுவேல் பிஸ்க் கிறீனின் சரித்திரத்தை அறிதல் வேண்டும். 1822-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிறந்த இப்பாதிரி வைத்தியர், 1847-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலேயே போதித்தார். அவ்வாறு கற்றவர் உத்தியோகம் நாடி வெளியூர் செல்ல, கிராமத்து நோயாளிக்குத் துணையில்லாது போயிற்று. ஆகவே தாமே தமிழ் பயின்று, 1860-களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். கலைச்சொற்களை ஆக்கி, அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களை வெளியிட்டார். மாணவர் தம் நாட்டு உடையையும் உணவையும் கைவிடலாகாதென்பதும் அவர் கொள்கை. 60-க்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியபின், 1873-ல் தாயகம் மீண்டு, 1884-ல் காலமானார். அந்நியர் ஒருவர் செய்து காட்டியதை நம் வைத்தியக் கல்லூரிகள் இன்னும் செய்யாதிருப்பது நியாயமாகுமா? நோயாளி தன் வேதனையைச் சொல்வது தமிழிலன்றோ!