20 ஆயிரம் ஆள் எங்கே? சூயஸ் கால்வாய் வெட்டிய லெசப்ஸ் கதை

அவர் என்ஜினீயர் அல்ல. பெரிய பணக்காரரும் அல்ல. ஆனாலும் இரண்டு கடல்களை இணைத்துவிட்டார்!

அவர் பெயர் பெர்டினான்ட் டி லெசப்ஸ். பிரான்சு நாட்டில், வெர்சேல்ஸ் நகரில் 1805-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி பிறந்தார்.

சூயஸ் கால்வாய் வெட்டும்போது அவரை அதிகமாக வாட்டியது மணல் அல்ல, வெயிலும் அல்ல. ஆள்தான். அயல்நாட்டில் போய் ஆயிரக்கணக்கான பேரை வேலைக்கு வைக்க வேண்டும். அந்த நாட்டுச் சட்டத்துக்கும் கட்டுப்பட வேண்டும். லேசான காரியமா?

மாக்கரோனி சிநேகம்

1832-ல் லெசப்ஸ் எகிப்துக்கு வந்தார். அலெக்சாந்திரியா நகரில் அவருக்குத் துணைத் தூதர் வேலை.

அப்போது எகிப்தை ஆண்டவர் முகமது அலி. அவருடைய மகன் சயீத் மிகவும் பருமன். பையன் இளைக்க வேண்டும் என்று தகப்பனார் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். பாய்மரத்தில் ஏறி இறங்கவும் சொன்னார்!

பசி தாங்காத பையன் லெசப்ஸ் வீட்டுக்கு ஓடி வருவான். அங்கே அவனுக்குத் தட்டு நிறைய மாக்கரோனி கிடைக்கும் என்பார்கள். மாக்கரோனி என்பது கோதுமை மாவில் செய்வது. நம் சேமியாவுக்கு அண்ணன்.

1854-ல் அந்தப் பையனே எகிப்தின் அதிபதி ஆனார். உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊரில் பண்ணை பார்த்துக்கொண்டிருந்த லெசப்சுக்குச் செய்தி எட்டியது. உடனே கப்பல் ஏறினார். நவம்பர் 30-ந் தேதி, கால்வாய் வெட்டும் உரிமைப் பத்திரம் அவர் கையில் இருந்தது.

நல்ல சட்டம்தான்

1856-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டாவது பத்திரம் எழுதினார்கள். வேலையாட்களில் ஐந்தில் நான்கு பங்குப் பேர் எகிப்தியராக இருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

ஜூலை 20-ந் தேதி தனியாக ஒரு தொழிலாளர் உத்தரவும் வந்தது. நாள் கூலி இரண்டரை முதல் மூன்று பியாஸ்டர். (பியாஸ்டர் என்பது எகிப்து நாணயம்.) பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு பியாஸ்டர். ஆம், பிள்ளைகளும் மண் சுமந்தார்கள்!

தங்க இடம், குடிக்க நல்ல தண்ணீர், நோய் வந்தால் ஆஸ்பத்திரி, எல்லாம் கம்பெனி தர வேண்டும். நோயில் படுத்த நாளுக்கும் ஒன்றரை பியாஸ்டர் உண்டு. வழிச் செலவும் கம்பெனியைச் சேர்ந்தது.

அந்தக் காலத்துக்கு இது நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு பொல்லாத விஷயமும் அதில் இருந்தது. ஆட்களைச் சேர்த்துத் தருவது எகிப்து அரசாங்கம். வர இஷ்டமா என்று விவசாயியை யாரும் கேட்கப்போவதில்லை.

கையே மண்வெட்டி

1859-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி வேலை தொடங்கியது. விரும்பி வந்த ஆட்களை வைத்தே லெசப்ஸ் முதலில் சமாளித்துப் பார்த்தார். தண்ணீர் இல்லாத பாலைவனத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? ஆள் போதவில்லை. சயீதிடம் போய் நின்றார்.

கிராமம் கிராமமாக ஆள் பிடித்தார்கள். மாதத்துக்கு 20 ஆயிரம் பேர்! ஒரு 20 ஆயிரம் வேலையில் இருக்கும்போது, இன்னொரு 20 ஆயிரம் வந்துகொண்டிருக்கும். மற்றொரு 20 ஆயிரம் திரும்பிக்கொண்டிருக்கும். ஒரு மாத வேலைக்காகப் போக வர எத்தனை நாள் பாழ்! அதுவரை வயலை யார் பார்ப்பது? வீட்டுக்கு யார் சம்பாதிப்பது?

எல் கிஸ்ர் என்ற இடத்தில் மேடு குறுக்கே நின்றது. பலர் கையாலேயே மணலைத் தோண்டினார்கள். கூடையில் அள்ளி, கரை மேல் ஏறிக் கொட்டினார்கள். 1862 நவம்பரில் மத்தியதரைக் கடலின் தண்ணீர் திம்சா ஏரிக்கு வந்து சேர்ந்தது.

சட்டம் மாறியது

1863 ஜனவரியில் சயீத் இறந்தார். இஸ்மாயில் பட்டத்துக்கு வந்தார். கட்டாய வேலை கூடாது என்றார். எகிப்துக்கு மேலதிகாரியான துருக்கி சுல்தானும் அதையே சொன்னார். பின்னால் நின்று தூண்டியது பிரிட்டன்.

பிரிட்டனுக்கு இவ்வளவு இரக்கம் எங்கிருந்து வந்தது? அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரிட்டிஷ் என்ஜினீயர்கள் எகிப்தில் ரெயில் பாதை போட்டபோதும் கட்டாய ஆட்கள்தான் மண் வெட்டினார்கள்!

ஒப்பந்தப்படி ஆள் தர வேண்டும் என்று லெசப்ஸ் வழக்காடினார். விவகாரம் பிரெஞ்சு சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனிடம் போயிற்று. சக்கரவர்த்தினி யூஜினி லெசப்சுக்கு உறவு. தீர்ப்பு எப்படி இருக்கும்?

1864 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கட்டாய வேலை நின்றது. ஆனால் எகிப்து 8 கோடியே 40 லட்சம் பிராங்க் நஷ்டஈடு கட்ட வேண்டும். அதில் 3 கோடியே 80 லட்சம், ஆட்களை நிறுத்தியதற்காக! தன் குடிமக்களை விடுவிக்க அந்த நாடே பணம் கட்டியது.

லெசப்ஸ் அந்தப் பணத்தோடு வேறு வழியில் இறங்கினார். நீராவியால் ஓடும் பெரிய தூர்வாரும் இயந்திரங்கள் வந்தன. கிரீஸ், இத்தாலி, சிரியா நாடுகளிலிருந்து கூலி பேசி ஆட்கள் வந்தார்கள். எகிப்தியரும் விரும்பி வந்தார்கள். 1865-ல் காலரா வந்து வேலையைக் குலைத்தது. மீண்டும் தொடங்கினார். மொத்த மண்ணில் பெரும்பகுதியை அள்ளியது இயந்திரங்களே. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

விழாவும் வீழ்ச்சியும்

1869 நவம்பர் 17-ந் தேதி கால்வாய் திறந்தது. யூஜினியின் கப்பல் முன்னால் சென்றது. சில நாட்களில், 64 வயது லெசப்ஸ் இருபது வயதை ஒட்டிய பெண்ணை மணந்தார். பன்னிரண்டு குழந்தைகள் பிறந்தன!

இஸ்மாயில் கடனில் மூழ்கினார். 1875-ல் தன் கால்வாய்ப் பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டனிடம் விற்றார்.

லெசப்ஸ் பனாமாவிலும் கால்வாய் வெட்டப் போனார். அங்கே கூலிகளில் பெரும்பாலோர் ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து வந்தவர்கள். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் சுமார் 20 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. 1889-ல் கம்பெனி திவாலானது. 1893-ல் அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல் கோர்ட்டில் அது ரத்தாயிற்று. அவர் சிறை செல்லவில்லை. 1894 டிசம்பர் 7-ந் தேதி கண்ணை மூடினார்.

எகிப்து அவரை மறக்கவில்லை. 1956 ஜூலை 26-ந் தேதி அலெக்சாந்திரியாவில் அதிபர் நாசர் பேசினார். கால்வாய் வேலையில் 1 லட்சத்து 20 ஆயிரம் எகிப்தியர் மாண்டதாகச் சொன்னார். கம்பெனியின் கணக்கு இதைவிட மிகக் குறைவு. பேச்சின் நடுவே லெசப்ஸ் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதுதான் ரகசிய அடையாளம்! வானொலியில் அந்தப் பெயரைக் கேட்டதும், காத்திருந்த ஆட்கள் கால்வாய்க் கம்பெனியின் அலுவலகங்களுக்குள் நுழைந்து கைப்பற்றினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், போர்ட் சயீது கரையில் நின்ற லெசப்ஸ் சிலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பீடம் மட்டும் மிஞ்சியது.