ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (ஆகஸ்ட் 6, 1828 – டிசம்பர் 12, 1917) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். முதுகெலும்பையும் மூட்டுகளையும் தசைகளையும் கைகளால் ஆராய்ந்து சீர்செய்யும் ஆஸ்டியோபதி என்னும் மருத்துவ முறையைத் தோற்றுவித்தவர் இவரே. 1892 இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் நகரில் உலகின் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியை நிறுவினார். முதுகுவலிக்காக இன்று பல நாடுகளில் மக்கள் நாடும் ஆஸ்டியோபதி மருத்துவர்களின் தொழில்மரபு இவரிடமிருந்தே தொடங்குகிறது.

ஆஸ்டியோபதி என்னும் சொல் எலும்பு, துன்பம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அமைக்கப்பட்டது. எலும்பு முறிவு முதலியவற்றிற்கு அறுவை மருத்துவம் செய்யும் எலும்பியல் துறை இதனின்றும் வேறானது.

இளமைக் காலம்

ஸ்டில் வர்ஜீனியா மாநிலத்தின் லீ கவுண்டியில் ஒரு மரக்கட்டைக் குடிலில் பிறந்தார். தந்தை ஆபிரகாம் ஸ்டில் மெதடிஸ்த திருச்சபையின் போதகராகவும் மருத்துவராகவும் பணிபுரிந்தவர். தந்தையின் சமயப்பணி காரணமாகக் குடும்பம் டென்னசி மாநிலத்திற்கும், 1837 இல் மிசூரி மாநிலத்திற்கும் குடிபெயர்ந்தது. புதிய குடியேற்றப் பகுதிகளில் பள்ளிகள் அரிதாக இருந்தமையால் இவரது முறைசார்ந்த கல்வி அடிக்கடி தடைப்பட்டது. வேட்டையாடிய விலங்குகளின் தோலை உரிக்கும்போது தசை, நரம்பு, எலும்பு ஆகியவற்றின் அமைப்பைக் கூர்ந்து நோக்கியதே தமது முதல் உடற்கூற்றியல் பாடம் என இவர் பிற்காலத்தில் கருதினார்.

ஏறத்தாழப் பத்து வயதில் நிகழ்ந்த ஒன்றைத் தம் தன்வரலாற்றில் இவர் குறிப்பிட்டுள்ளார். கடுமையான தலைவலியால் வருந்திய ஒரு நாளில், இரு மரங்களுக்கு இடையே கட்டியிருந்த ஏர்க்கயிற்றைத் தரைக்குச் சற்று மேலே வருமாறு தாழ்த்தி, அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டுக் கழுத்தைச் சாய்த்துப் படுத்தார். சிறிது நேரம் உறங்கி எழுந்தபோது தலைவலி நீங்கியிருந்தது. கழுத்தின் நரம்புகளும் குருதிக்குழாய்களும் அழுத்தப்பட்டதே இதற்குக் காரணம் எனப் பல்லாண்டுகளுக்குப் பின்னர் இவர் விளக்கம் கூறினார்.

ஸ்டில் 1849 இல் மேரி வாகன் என்பவரை மணந்தார். 1853 இல் கான்சஸ் பகுதிக்குச் சென்று, தந்தை பணியாற்றிய சானி பழங்குடியினரின் சமயநிலையத்தில் அவருக்கு உதவியாக மருத்துவம் செய்தார். அக்காலத்தில் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் கட்டாயமாக இருக்கவில்லை. பலரும் மூத்த மருத்துவர் ஒருவரிடம் பயின்றே மருத்துவர் ஆயினர். எலும்புகளின் அமைப்பை அறிவதற்காக ஸ்டில் பழங்குடியினரின் புதைகுழிகளைத் தோண்டி உடல்களை எடுத்து ஆராய்ந்தார். இச்செயல் இன்றைய மருத்துவ அறத்தின்படி ஏற்கத்தக்கது அன்று. 1859 இல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டில் மேரி எல்விரா டர்னரை இவர் மறுமணம் செய்துகொண்டார்.

அடிமைமுறை எதிர்ப்பும் உள்நாட்டுப் போரும்

ஸ்டில் குடும்பத்தினர் அடிமைமுறையை உறுதியாக எதிர்த்தவர்கள். கான்சஸ் அடிமைமுறை உள்ள மாநிலமாக வேண்டுமா, அற்ற மாநிலமாக வேண்டுமா என்பது பற்றி 1850களில் நிகழ்ந்த வன்முறை மிக்க போராட்டத்தில் ஸ்டில் அடிமைமுறை எதிர்ப்பாளர் பக்கம் நின்றார். 1857 இல் கான்சஸ் பிரதேச சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பால்ட்வின் நகரில் பேக்கர் பல்கலைக்கழகம் அமைவதற்கு இவரும் இவர் குடும்பத்தினரும் நிலம் வழங்கி உதவினர்.

1861 இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது ஒன்றியப் படையில் சேர்ந்து 9 ஆவது கான்சஸ் குதிரைப்படையின் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். பின்னர் கான்சஸ் மக்கட்படையில் கேப்டன், மேஜர் ஆகிய பதவிகளை வகித்து, 1864 அக்டோபரில் நடைபெற்ற வெஸ்ட்போர்ட் போரில் பங்குகொண்டார்.

பிள்ளைகளின் இறப்பு

1864 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டில்லின் வீட்டில் மூளையுறை அழற்சி நோய் புகுந்தது. பிள்ளைகளுள் மூவர் அந்நோயால் இறந்தனர். சிறிது காலத்திற்குள் மற்றொரு குழந்தை நிமோனியாவால் இறந்தது. அழைக்கப்பட்ட மருத்துவர்கள் அக்கறையுடன் உழைத்ததாகவே ஸ்டில் எழுதியுள்ளார். அவர்களை அவர் குறைகூறவில்லை. அவர்கள் நம்பியிருந்த மருத்துவ முறையையே அவர் ஐயுற்றார்.

அவ்வையத்திற்கு வலுவான காரணங்கள் இருந்தன. கிருமிகளே தொற்றுநோய்களுக்குக் காரணம் என்பது அப்போது நிறுவப்படவில்லை. பாதரசம் கலந்த கலோமல், அபின், சாராயம் ஆகியவை பெருமளவில் கொடுக்கப்பட்டன. குருதியை வெளியேற்றுதல், பேதிக்கும் வாந்திக்கும் மருந்து கொடுத்தல் ஆகியனவும் வழக்கில் இருந்தன. இவற்றுள் பல நோயாளியை மேலும் நலிவடையச் செய்தன. எனவே மருந்துகளை விடுத்து உடலின் அமைப்பையே முதலிலிருந்து கற்க ஸ்டில் முற்பட்டார்.

ஆஸ்டியோபதியின் தோற்றம்

ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிந்தித்த பின்னர், 1874 சூன் 22 அன்று தம் கொள்கை தெளிவடைந்ததாக ஸ்டில் குறிப்பிட்டுள்ளார். ஆஸ்டியோபதி வரலாற்றில் அந்நாளே தோற்ற நாளாகக் கருதப்படுகிறது. தம் குடும்பம் நிலம் வழங்கிய பேக்கர் பல்கலைக்கழகத்திலேயே இக்கொள்கையை விளக்க விரும்பினார். பல்கலைக்கழகம் இடங்கொடுக்க மறுத்தது. கைகளால் நோய் தீர்ப்பதாகக் கூறுவது இறைநிந்தனை எனச் சமயத்தவர் சிலர் கருதினர். நண்பர்களும் உறவினர்களும் விலகிய நிலையில் ஸ்டில் கான்சசை விட்டு மிசூரியின் மேக்கன் நகருக்குச் சென்றார்.

அங்கு இரத்தபேதியால் வருந்திய சிறுவன் ஒருவனைத் தெருவில் கண்டார். அவன் முதுகு சூடாகவும் வயிறு குளிர்ந்தும் இருந்ததைக் கைகளால் உணர்ந்து, முதுகின் தசைகளையும் முள்ளெலும்புப் பகுதிகளையும் அழுத்தியும் தளர்த்தியும் சிகிச்சை செய்தார். மறுநாள் சிறுவன் நலமடைந்ததாகத் தாய் தெரிவித்தார். இத்தகைய பேதி தானாகவே தணிவதும் உண்டு. ஆயினும் ஸ்டில் இதனைத் தம் கொள்கைக்குச் சான்றாகவே கொண்டார்.

1875 முதல் கர்க்ஸ்வில் இவரது நிலையான ஊராயிற்று. தொடக்கத்தில் டைபாய்டு காய்ச்சலாலும் வறுமையாலும் குடும்பம் துன்புற்றது. எலும்புகள் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று மருத்துவம் செய்த இவரைப் பலர் பித்தர் என்று எண்ணினர். மின்னல் வேகத்தில் எலும்பு சீர்செய்பவர் எனவும் இவர் அறியப்பட்டார். இடுப்பு மூட்டு விலகியோரும் முதுகுவலி, கால்வலி உடையோரும் இவரை நாடி வரத் தொடங்கினர். தம் முறைக்கு ஆஸ்டியோபதி என்னும் பெயரை 1880களின் நடுப்பகுதியில் இவர் சூட்டினார்.

கொள்கைகள்

ஸ்டில்லின் கொள்கையில் பின்வருவன முதன்மையானவை.

- உடல் ஒரு முழுமையான அலகு. ஓர் உறுப்பின் குறை மற்றவற்றையும் தாக்கும்.
- உடல் தன்னைத்தானே நலப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உடையது.
- அமைப்பும் செயற்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை.
- குருதியோட்டம் தடையின்றி நிகழ்வது உடல்நலத்திற்கு இன்றியமையாதது.

முள்ளெலும்புகள் சிறிதளவு நிலைபிறழ்ந்தாலும் நரம்புகளும் குருதிக்குழாய்களும் அழுந்தும் எனவும், பெரும்பாலான நோய்களுக்கு அதுவே காரணம் எனவும் இவர் கருதினார். அறுவை மருத்துவத்தையும் மகப்பேற்று மருத்துவத்தையும் ஏற்றார். மருந்துகளை மிகப் பெரும்பாலும் விலக்கினார். அம்மைத் தடுப்பூசியையும் எதிர்த்தார்.

கர்க்ஸ்வில் கல்லூரி

1892 இல் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளி இரண்டு அறைகள் கொண்ட சிறு கட்டடத்தில் தொடங்கப்பட்டது. எடின்பரோவில் பயின்ற மருத்துவர் வில்லியம் சுமித் உடற்கூற்றியல் கற்பித்தார். முதல் வகுப்பில் ஏறத்தாழ இருபது பேர் சேர்ந்தனர். பெண்களுக்கு மருத்துவக் கல்வி அரிதாக இருந்த அக்காலத்தில் இப்பள்ளி முதல் வகுப்பிலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வழக்கமான மருத்துவப் பட்டத்தை வழங்கும் உரிமை இருந்தும், தம் முறையைத் தனித்துக் காட்ட ஆஸ்டியோபதிப் பட்டத்தையே ஸ்டில் வழங்கினார்.

1895 இல் பெரிய மருத்துவமனைக் கட்டடம் திறக்கப்பட்டது. தொடர்வண்டிகளில் நாள்தோறும் வந்திறங்கிய நோயாளிகளால் கர்க்ஸ்வில் வளர்ச்சியடைந்தது. மருத்துவச் சங்கங்கள் எதிர்த்தபோதிலும் 1896 இல் வெர்மான்ட் மாநிலமும் 1897 இல் மிசூரி மாநிலமும் ஆஸ்டியோபதிக்குச் சட்ட ஏற்பு அளித்தன. எழுத்தாளர் மார்க் டுவெய்ன் 1901 இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் தோன்றி ஆஸ்டியோபதி மருத்துவர்களுக்கு ஆதரவாகப் பேசினார்.

ஸ்டில்லின் மாணவர்களுள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் குறிப்பிடத்தக்கவர். அவர் 1917 இல் இலண்டனில் பிரித்தானிய ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று ஸ்டில் தம் 89 ஆம் வயதில் கர்க்ஸ்வில்லில் காலமானார்.

மறைவிற்குப் பின்

1910 இல் வெளியான பிளெக்சுனர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுடன் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் கடுமையாகக் குறைகூறியது. இதன் பின்னர் அமெரிக்காவில் இத்துறை படிப்படியாக மாறியது. ஸ்டில் விலக்கிய மருந்தியல் 1920களின் இறுதியில் பாடத்திட்டத்தில் முழுமையாக இடம்பெற்றது. 1973 அளவில் ஐக்கிய அமெரிக்காவின் அனைத்து மாநிலங்களிலும் ஆஸ்டியோபதி மருத்துவர்கள் முழு மருத்துவ உரிமை பெற்றனர். அங்கு இவர்கள் மருந்து எழுதவும் அறுவை மருத்துவம் செய்யவும் தடுப்பூசி இடவும் தகுதியுடையவர்கள். இவர்களது எண்ணிக்கை ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டதாகும்.

பிற நாடுகளில் நிலைமை வேறு. பிரித்தானியாவில் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆஸ்டியோபதி பதிவுபெற்ற தனித் தொழிலாகும். அங்குள்ள ஆஸ்டியோபதி வல்லுநர்கள் முதன்மையாகக் கைமுறைச் சிகிச்சை செய்வர்.

முதுகுவலிச் சிகிச்சை

முதுகுவலியுடன் வருபவரிடம் ஆஸ்டியோபதி வல்லுநர் முதலில் வலி தொடங்கிய விதம், தொழில், முந்தைய நோய்கள் ஆகியவற்றைக் கேட்டறிவார். நிற்கவும் குனியவும் திரும்பவும் செய்து அசைவுகளை நோக்குவார். பின்னர் விரல்களால் முதுகைத் தொட்டு, இறுகிய தசைகளையும் அசைவு குறைந்த மூட்டுகளையும் கண்டறிவார். தசைகளைப் பிசைந்து நீட்டுதல், மூட்டுகளை மெல்ல அசைத்தல், ஒரே விரைவான உந்துதலால் மூட்டை அசைத்தல் ஆகியன பொதுவான உத்திகள். அப்போது எழும் சொடுக்கு ஒலி மூட்டுநீரில் வளிக்குமிழ் உருவாவதால் ஏற்படுவது. விலகிய எலும்பு மீண்டும் பொருந்தும் ஒலி அன்று.

முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சை கீழ்முதுகுவலியை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டி, மருந்தில்லா முறைகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்துள்ளது. பிரித்தானிய வழிகாட்டி 2016 இல் உடற்பயிற்சியுடன் இணைந்த சிகிச்சையின் பகுதியாக மட்டுமே இதனைப் பரிந்துரைத்தது. புதிதாகத் தோன்றும் முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். கால் வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சல், புற்றுநோய் வரலாறு ஆகியவை இருப்பின் கைமுறைச் சிகிச்சைக்கு முன்னர் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். எலும்பு நலிவும் முறிவும் உடையோருக்கு விரைவான உந்துதல் தீங்கு விளைவிக்கலாம்.

மதிப்பீடு

தொற்றுநோய்களும் முள்ளெலும்பு நிலைபிறழ்வால் வருகின்றன என்னும் ஸ்டில்லின் கருத்தை அறிவியல் ஏற்கவில்லை. இவர் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த மூளையுறை அழற்சியின் பாக்டீரிய வகைகள் இன்று நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் குணப்படுத்தப்படுகின்றன, தடுப்பூசிகளால் தடுக்கப்படுகின்றன. மறுபுறம், அக்கால மருந்துகளுள் பல தீங்கானவை என்னும் இவரது முடிவு சரியானது. நோயாளியைத் தொட்டு, முழு உடலையும் கருத்தில் கொண்டு ஆராய வேண்டும் என இவர் வலியுறுத்தியமை மருத்துவக் கல்வியில் நிலைத்துள்ளது.

இவர் நிறுவிய கல்லூரி இன்று ஏ. டி. ஸ்டில் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இயங்குகிறது. இவர் பிறந்த மரக்குடில் வர்ஜீனியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கர்க்ஸ்வில்லில் உள்ள ஆஸ்டியோபதி மருத்துவ அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

எழுதிய நூல்கள்

- தன்வரலாறு (1897)
- ஆஸ்டியோபதியின் மெய்யியல் (1899)
- ஆஸ்டியோபதியின் மெய்யியலும் இயந்திரவியல் கோட்பாடுகளும் (1902)
- ஆஸ்டியோபதி: ஆய்வும் நடைமுறையும் (1910)