கத்தி வைக்கக் கூடாத இடத்தைச் சொன்ன மருத்துவர் அஸ்ஸஹ்ராவி

அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்களைப் பற்றி எழுத வந்தால், அவர் படம் வரைந்து விளக்கிய ஏறத்தாழ 200 அறுவைக் கருவிகளைப் பற்றித்தான் நாம் வழக்கமாக எழுதுகிறோம். பெருமைக்குரிய விஷயம்தான். ஆனால் எந்தக் கட்டியில் கத்தியே வைக்கக் கூடாது என்றும் அதே நூலில் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை நாம் அதிகம் புரட்டுவதில்லை.

அறுவை சிகிச்சைப் பகுதியின் முன்னுரையிலேயே, தாம் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு பெண்ணின் கழுத்தில் கண்டமாலைக் கட்டி. உடற்கூறு அறியாத ஒரு வைத்தியர் அதை அறுத்தார். கழுத்தின் தமனிகள் அறுபட்டன. இரத்தம் நிற்காமல் ஓடி, அந்தப் பெண் அவர் முன்னாலேயே இறந்துபோனாள். உடலின் நாளங்களும் நரம்புகளும் எங்கே ஓடுகின்றன என்று தெரியாதவன் கத்தியைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை மாணவர்களுக்குக் காட்டவே இதை எழுதினார்.

ஸ்பெயினில் குர்துபா நகருக்கு அருகே, கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 936-இல் மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரைக் கட்டத் தொடங்கினார். அந்தக் காலத்தை ஒட்டிப் பிறந்தவர் நம் மருத்துவர். ஸஹ்ராவி என்ற பெயர் அந்நகரிலிருந்து வந்தது. அன்சாரி என்றும் அழைக்கப்பட்டார். முன்னோர் மதீனாவின் அன்சாரிகள். நீண்ட கால அனுபவத்தையெல்லாம் திரட்டி, கி.பி. 1000 அளவில் ‘அத்தஸ்ரீஃப்’ என்ற நூலை 30 பாகங்களாக நிறைவு செய்தார். கடைசிப் பாகம் அறுவை சிகிச்சைக்கானது. சூடு போடுதல், அறுத்தல், எலும்பு கட்டுதல் என்று மூன்று பிரிவுகள் அதில் உண்டு. மாணவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்துத்தான் பேசுவார்.

அறுத்தல் பிரிவில்தான் இரத்தநாள வீக்கம் வருகிறது. இன்று டாக்டர்கள் அனியூரிசம் என்கிறார்களே, அதுதான். தமனியில் காயம் பட்டு, மேல்தோல் மட்டும் ஆறிவிட்டால் உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாக எழும்பும். அக்காலத்தில் கை நாளத்தைக் கீறி இரத்தம் எடுக்கும் ஃபஸ்த் சிகிச்சை அதிகம். (ஹிஜாமா வேறு, இது வேறு.) முழங்கை மடிப்பில் அப்படிக் கீறும்போது, கீழே ஓடும் தமனியும் குத்துப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. அங்கே கவனம் தேவை என்று ஃபஸ்த் பகுதியிலும் அவர் எச்சரிக்கிறார்.

இந்த வீக்கத்தை எப்படி அறிவது? தமனியால் வந்தது நீள்வடிவில் ஆழத்தில் இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். சிரையால் வந்தது உருண்டையாகத் தோலுக்கு அருகில் நிற்கும். ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில் மருத்துவரின் விரல்தான் கருவி. சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால், நோயாளியின் உயிர் சில நிமிடங்களில் போய்விடும்.

அக்குள், தொடையிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் பெரிதாக எழும்பிய வீக்கத்தை அறுக்கவே கூடாது என்றார். அங்கே ஓடுபவை பெரிய நாளங்கள். உடைந்தால் அழுத்திப் பிடித்து நிறுத்தவும் வழியில்லை. அறுக்கத் தக்கவற்றுக்கு முறை சொன்னார்: தோலை நீளவாக்கில் கீறி, கொக்கியால் விலக்கி, தமனியைச் சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்து, ஊசியால் நூலைக் கோத்து இரண்டு இடங்களில் இறுகக் கட்ட வேண்டும். பிறகு நடுவில் குத்தி இரத்தத்தை வெளியேற்றி, கட்டிய நூல் தானாக விழும் வரை மருந்திட வேண்டும்.

இந்த முறை முழுவதும் அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்வது சரியாகாது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் அன்டில்லஸ் இருபக்கமும் கட்டி அறுத்தார். பெரிய வீக்கங்களைத் தொட அவரும் மறுத்தார். 7-ஆம் நூற்றாண்டின் பவுல் அதை எழுதிவைக்க, அரபு மொழிபெயர்ப்பு வழியாக அது அந்தலுஸை எட்டியது. முன்னோரின் அறிவை வாங்கி, தம் அனுபவத்தில் சோதித்து, படத்தோடு மாணவருக்குக் கொடுத்தார் அஸ்ஸஹ்ராவி. எனக்கு அதுவே பெரிய சேவையாகத் தெரிகிறது.

அவருடைய இறுதிக் காலம் நிம்மதியானது அல்ல. குர்துபாவில் உள்நாட்டுக் கலகம் வெடித்து, மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. ஹிஜ்ரி 400-க்குப் பிறகு அவர் வஃபாத்தானார். ஊர் அழிந்தாலும் நூல் தப்பியது. 12-ஆம் நூற்றாண்டில் டொலேடோவில் கிரெமோனாவின் ஜெரார்ட் அறுவைப் பகுதியை லத்தீனுக்குக் கொண்டுபோனார். 1497-இல் வெனிஸில் அது அச்சேறியது. அதன் பிறகும் நூற்றாண்டுகள் கடந்து, 1785-இல்தான் லண்டனில் ஜான் ஹன்டர், ஒரு வண்டியோட்டியின் முழங்காலுக்குப் பின்னால் இருந்த தமனி வீக்கத்தைத் திறக்காமலே, மேலே தொடையில் தமனியைக் கட்டி அவர் காலைக் காப்பாற்றினார்.